கறுங்கண்ணி இருந்த ஆழம்

போன மாதம் காருக்கு ஆயில் மாற்றக் கொடுத்துவிட்டுக் கடை வாசலில் உட்கார்ந்திருந்தபோது கார்த்திக் போன் பண்ணினார். கார்த்திக் சென்னைக்காரர், கம்ப்யூட்டர் இன்ஜினீயர். முப்பது வருஷம் வேலை பார்த்து நான் ஓய்வுபெற்ற கடல் ஆராய்ச்சி நிலையத்தில் இப்போதுதான் சேர்ந்திருக்கிறார். எங்கள் பழைய பதிவேடுகளைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்து, எந்தக் கணவாய் மீன் எந்த ஆழத்தில் வாழ்கிறது என்று அதையே சொல்ல வைப்பதுதான் அவருடைய வேலை. நாங்கள் கண் பூத்துப்போகச் செய்ததை அந்தப் பெட்டி டீ குடிக்கும் நேரத்தில் செய்துவிடுமாம். செய்யட்டும், நல்லதுதான்.

"அங்கிள், லாக்புக்ல சில என்ட்ரி பக்கத்துல பென்சில்ல சின்னதா ஒரு டிக் இருக்கு. எல்லாமே உங்க கையெழுத்து. என்ன அர்த்தம்னு யாருக்கும் தெரியல. கன்ஃப்யூஷனா இருக்கறதால டிலீட் பண்ணிடட்டுமா?" என்று கேட்டார்.

ரெண்டு நாள் பொறுங்க தம்பி என்று சொல்லி வைத்துவிட்டேன். கார் தயார் என்று கடைக்காரர் இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறார். எனக்குக் காதில் விழவில்லை. அந்த டிக்குகளில் ஒன்று ஒரு பெண்ணின் படிப்பைப் பாதியிலேயே முடித்துவைத்தது. அது அன்றுவரை இந்த உலகத்தில் எனக்கும் என் மனைவிக்கும் மட்டும்தான் தெரியும். மூன்றாவதாகத் தெரிந்தவர் இறந்துபோய்விட்டார்.

நான் கீழக்கரைக்காரன். விலங்கியலில் ஒரு பட்டம் வாங்கி, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் இருந்தவன். என் மனைவி ரஹ்மத்துக்கு சான் ஹோசேயில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்தது. அவளோடு ஒட்டிக்கொண்டு அமெரிக்கா வந்தேன். எனக்குக் கிடைத்தது மலைக்கு அந்தப் பக்கம், கடற்கரையில், இந்த நிலையத்தில் வலை கழுவும் வேலை. கழுவினேன். பிறகு தைத்தேன். பிறகு வலையில் வருவதைப் பிரிக்கவும், பதிவேட்டில் எழுதவும் விட்டார்கள். அங்கேயே முப்பது வருஷம் ஓடிப்போயிற்று.

எங்கள் வலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரே இரும்புச் சட்டத்தில் ஆறு வலைகள். இறங்கும்போது எல்லாம் மூடியிருக்கும். மிக ஆழத்தில் முதல் வலையைத் திறந்து, கொஞ்ச நேரம் இழுத்து மூடுவோம். அது மூடும்போதே இரண்டாவது திறக்கும். இப்படி மேலே வரவர ஒவ்வொரு வலைக்கும் ஓர் அடுக்கு ஆழம். ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு டப்பா இருக்கும். ஆறு டப்பாவையும் தட்டில் கொட்டினால் கடலை மாடி மாடியாகப் பிரித்து வைத்தமாதிரி இருக்கும். மேல்தட்டில் இருப்பவை கண்ணாடி போல; உடம்புக்குள் இருக்கும் குடல்கூடத் தெரியும். அறுநூறு, எழுநூறு மீட்டரில் காற்றே குறைவான தண்ணீரில், அவசரமே இல்லாமல் கிடக்கும் சில. அதற்குக் கீழே எல்லாம் சிவப்பும் கறுப்பும். இன்னும் கீழே போனால், காது மாதிரி இரண்டு துடுப்புகளை ஆட்டிக்கொண்டு போகும் பேய்க்கணவாய்கள், ஆங்கிலத்தில் ஆக்டோபஸ் என்கிறோமே அதுதான். அவற்றிடம் மைப் பையே கிடையாது. அந்த இருட்டில் மையைக் கக்கி யாரை ஏமாற்றுவது?

ஆனால் வலை சில சமயம் சரியாக மூடாது. ஓரத்தில் ஒரு விரற்கடை திறந்திருந்தால் போதும், மேலே வரும்போது மேல்மாடிக்காரன் ஒருவன் கீழ்மாடி டப்பாவில் புகுந்துவிடுவான். கப்பலில் வேலை பார்க்கிற எல்லோருக்கும் இது ஒரு தலைவலி.

எங்கள் தலைவர் டாக்டர் வால்டர். பெயர் சொல்லியே கூப்பிடு என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தார். எனக்கு வாய் வரவில்லை, 'டாக்டர்' என்பதோடு நின்றுவிட்டேன். நெடுநெடுவென்று ஒல்லியான மனிதர். குரலை உயர்த்தி நான் கேட்டதே கிடையாது. நாம் தப்புப் பண்ணிவிட்டால் ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு நம் பக்கத்தில் வந்து உட்காருவார். அந்தத் தப்பை நம்மோடு சேர்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். அதற்கு நாலு திட்டு திட்டியிருக்கலாம் என்று தோன்றும். எந்த உயிர் வந்தாலும் அவருக்கு ஒரே கேள்விதான்: உயிரோடு இருந்தபோது இது எங்கே இருந்தது?

பதிவேட்டுக்கும் அவர் ஒரே ஒரு விதி வைத்திருந்தார். பென்சிலால்தான் எழுத வேண்டும், ஏனென்றால் உப்புத் தண்ணீரில் மை ஓடிவிடும். ஆனால் அழிரப்பர் கூடாது. தப்பாக எழுதிவிட்டால் ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் சரியாக எழுது. கீழே இருப்பது நாளைக்கு யாருக்காவது வேண்டியிருக்கும். வலை சொன்ன ஆழத்தை அப்படியே எழுது, சந்தேகம் இருந்தால் குறிப்பில் சொல்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? என் மகளுடைய பள்ளிக்கூடப் பெட்டியிலிருந்து ரோஸ் நிற ரப்பர் ஒன்றை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

எனக்குக் கோணல்மாணலாகப் பதிவேடு இருந்தால் பிடிக்காது. நானூறு மீட்டர்க்காரன் இரண்டாயிரத்தில் வந்திருந்தால், வலை ஒழுகியிருக்கிறது, அவ்வளவுதானே? எதற்குக் குறிப்பு, எதற்குக் கோடு? வலை சொன்ன எண்ணை அழித்துவிட்டு அந்த இனம் வழக்கமாக இருக்கும் ஆழத்தை எழுதிவிடுவேன். எதை மாற்றினேன் என்று எனக்கு நினைவிருக்க ஒரு சின்ன டிக். என் பக்கங்கள் கண்ணாடி மாதிரி இருக்கும். வந்தவர்களிடமெல்லாம் டாக்டர் அதைக் காட்டி மெச்சுவார். அந்த மெச்சலுக்காகத்தான் அப்படிச் செய்தேன். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

லின் எங்களிடம் பிஎச்.டி. செய்ய வந்த மாணவி. வியட்நாமியப் பெண், சான் ஹோசேயிலேயே வளர்ந்தவள். என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி அவள் அம்மா வீடு. மலைப்பாதையில் தனித்தனியாகக் கார் ஓட்டுவானேன் என்று மூன்று வருஷம் ஒரே காரில் போய் வந்தோம். நிலையத்தில் இத்தனை பேர் கணவாயைப் பற்றிப் படித்தார்கள். கணவாய் சாப்பிடுகிறவர்கள் நானும் அவளும்தான். அவள் அம்மா சுட்ட கணவாய்க் கருவாடு கொடுத்துவிடுவார். ரஹ்மத் கணவாய்ப் பிரட்டல் கட்டிக் கொடுப்பாள். நாங்கள் டப்பாவைத் திறந்தால் மற்றவர்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த மேஜைக்குப் போய்விடுவார்கள்.

அவள் ஆராய்ச்சி ஒரே கணவாயைப் பற்றியது. கண்ணைச் சுற்றிக் கறுப்பாக இருக்கும். வீட்டில் சொல்ல வசதியாக நான் கறுங்கண்ணி என்று பெயர் வைத்திருந்தேன். குஞ்சுகள் கடலின் மேல்பக்கம் திரியும். வளர்ந்தவை நானூறிலிருந்து எண்ணூறு மீட்டருக்குள் கிடைக்கும். ஆனால் முட்டையிடும் வயசுப் பெண்கள் மட்டும் வலையில் வருவதே இல்லை. அவை எங்கே போகின்றன? செத்துப்போகின்றன, முட்டையைத் தண்ணீரில் விட்டுவிட்டுப் போய்விடுகின்றன என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். கணவாய் முட்டையைக் காக்காது, அது பேய்க்கணவாயின் குணம் என்பது புத்தகத்தில் இருந்தது. லின் மட்டும் அவை இன்னும் கீழே போகின்றன என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். காரில் போகும்போது ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுவேன். மனசுக்குள், பிள்ளை ஆசைப்படுகிறது, பாவம் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. காலையில் லேசான மூடுபனி. லின்னுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாமல் வாந்தியெடுத்துக் கீழே படுத்திருந்தாள். முதல் வலை, ஆயிரத்து எண்ணூறிலிருந்து இரண்டாயிரத்து இருநூறு. டப்பாவைத் தட்டில் கொட்டினேன். காது ஆட்டும் பேய்க்கணவாய் ஒன்று, சிவப்பு இறால்கள் கொஞ்சம், அவற்றோடு ஒரு கறுங்கண்ணி. பெரியது, பெண். தொளதொளவென்று கிடந்தது. இரை பிடிக்கிற இரண்டு நீளக் கைகளும் இல்லை. வலை பிய்த்துவிட்டது என்று நினைத்தேன். பக்கத்தில் என் உள்ளங்கையைவிடப் பெரிதாகக் கிழிந்த கறுப்புத் தாள் ஒன்று. பதிவேட்டில் அதற்கும் ஒரு கட்டம் உண்டு, கடலில் குப்பையை எண்ணுவதற்கு. கறுப்புப் பிளாஸ்டிக், ஒன்று என்று எழுதினேன். குழாயில் அலசினேன். குப்பை வாளியில் போட்டேன்.

வலை சொன்ன ஆழத்தை முதலில் எழுதத்தான் செய்தேன். மதியம் ரப்பரை எடுத்து அழித்துவிட்டு நானூறு முதல் எண்ணூறு என்று மாற்றினேன். டிக் போட்டேன். அதே டப்பாவில் வந்த பேய்க்கணவாயின் ஆழத்தில் கை வைக்கவில்லை, அது இருக்க வேண்டிய இடத்தில்தானே இருந்தது. ஒரே வலை, ஒரே டப்பா, ஒன்றை நம்பினேன், ஒன்றை நம்பவில்லை.

லின் எழுந்து வந்து வலையின் கருவியில் ஆழத்தைப் பார்த்துத் தன் நோட்டில் குறித்துக்கொண்டாள். கூட வேறு ஏதாவது வந்ததா என்று கேட்டாள். பிளாஸ்டிக்தான் என்றேன். பார்க்கலாமா என்றாள். வாளியைக் காலி பண்ணியாயிற்று என்றேன். அது உண்மை.

அடுத்த வருஷம் அவள் ஆய்வேட்டைப் படித்த குழுவில் ஒருவர் அவள் நோட்டையும் நிலையத்தின் பதிவேட்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார். நோட்டில் இரண்டாயிரம், பதிவேட்டில் நானூறு. இரண்டில் ஒன்றுதானே சரியாக இருக்க முடியும்? கருவியின் கணக்கு அந்தப் பயணத்துக்குச் சேமிக்கப்படாமல் போயிருந்தது. என்னைக் கூப்பிட்டார்கள். டாக்டர் வால்டரும் அங்கே உட்கார்ந்திருந்தார். பதிவேட்டில் இருப்பது சரிதானா என்று கேட்டார்கள்.

"சரிதான்" என்றேன்.

ஒரே வார்த்தை. வலை ஒழுகியிருக்கும் என்று மனசார நம்பித்தான் சொன்னேன். ஆனால் நான் அழித்தேன் என்று சொல்லவில்லை. சொன்னால் ரப்பர் விஷயம் வெளியே வரும். என் கண்ணாடிப் பக்கங்கள் எல்லாம் டாக்டர் முன்னால் உடைந்துபோகும். அங்கே வாயை மூடிக்கொண்டதுதான் என் குற்றம்.

லின் ஆசைக்காக எண்ணை மாற்றியிருக்கலாம் என்று பேச்சு வந்தது. யாரும் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. அந்த அத்தியாயத்தை எடுத்துவிடச் சொன்னார்கள். அவள் எடுக்க மறுத்துவிட்டாள். கொஞ்ச நாளில் படிப்பையே விட்டுவிட்டு டெக்சஸில் பேர்லேண்ட் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சராகப் போய்விட்டாள். போவதற்கு முதல் நாளும் என் காரில்தான் வீட்டுக்கு வந்தாள். காரிலிருந்து இறங்கும்போது, ரஹ்மத் அக்காவின் பிரட்டல்தான் ரொம்ப நினைவுக்கு வரும் என்று சொன்னாள். அந்த வார்த்தையைத் தாங்கிக்கொள்ள எனக்குத் தெம்பு இல்லை.

சில வருஷம் கழித்து நிலையத்துக்குக் கேமரா வைத்த ரோபோ வந்தது. கப்பலில் உட்கார்ந்துகொண்டே கீழே நடப்பதைத் திரையில் பார்க்கலாம். ஒரு பகல் வேளையில் இரண்டாயிரம் மீட்டருக்குப் பக்கத்தில் வெளிச்சத்தில் ஒரு கணவாய் வந்தது. கறுங்கண்ணி. நீளக் கைகள் இரண்டும் இல்லை. மற்ற கைகள் எல்லாம் சேர்ந்து ஒரு பெரிய கறுப்புத் தாளைப் பிடித்துக்கொண்டிருந்தன. தாள் முழுக்க மணி மணியாக முட்டை. அவள் கைகளை மெதுவாக விரித்தாள், மூடினாள். தாளுக்குள் நல்ல தண்ணீர் போய்வரும்படி விசிறிக்கொண்டிருந்தாள்.

அறையில் எல்லோரும் கைதட்டினார்கள். திமிங்கிலங்கள் அதிகம் வேட்டையாடாத ஆழத்துக்கு இறங்கி, மாதக்கணக்காகச் சாப்பிடாமல் முட்டையைத் தூக்கிக்கொண்டு திரிகிறாள் என்று ஒருவர் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் எழுதிய பிளாஸ்டிக் அதுதான். வெளியே போய்க் கப்பலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அடப்பாவி, கையில் வாங்கி, அலசி, குப்பையில் போட்டாயே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

மறுநாள் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ரப்பரை மேஜைமேல் வைத்தேன். அவர் முக்காலியை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார். பதிவேட்டை விரித்து ரொம்ப நேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, லின்னுக்குச் சொல்லிவிட்டாயா என்று கேட்டார். இல்லை என்றேன். நானே எழுதலாம், ஆனால் என்னிடமிருந்து போனால் அது அவளுக்கு வெறும் தகவல், நீ எழுது, அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டுக்கொண்டு பதிவேட்டைத் திருத்துவோம் என்றார். சரி என்றேன்.

நான் எழுதவில்லை. நாலு முறை ஆரம்பித்தேன். 'அன்புள்ள லின்' என்பதற்கு மேல் கை ஓடவில்லை. ஒரு மாதம் கழித்து டாக்டர் கேட்டார், எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றேன். அதற்குள் அவருக்கு உடம்புக்கு வந்துவிட்டது. அந்தக் குளிர்காலத்தில் இறந்துபோனார். என் வார்த்தையை நம்பித்தான் போயிருப்பார். அதற்குப் பிறகு என்னைக் கேட்க ஆள் இல்லை. கேட்க ஆள் இல்லாவிட்டால் மனுஷன் எவ்வளவு காலம் வேண்டுமானாலும் தள்ளிப்போடுவான். நான் ஓய்வு பெறும்வரை தள்ளிப்போட்டேன்.

இந்த நிலையில்தான் கார்த்திக்கின் போன். டிலீட் பண்ணிவிட்டால் டிக் எல்லாம் போய்விடும். என் தப்பும் போய்விடும். நிஜமாகச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் அது எனக்கு நிம்மதியாக இருந்தது. வீட்டுக்கு வந்து ரஹ்மத்திடம் சொன்னேன். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"எழுதாத லெட்டரை இன்னும் எத்தன வருஷம் எழுதுவீங்க? லின்னோட அம்மாவை மார்க்கெட்ல வாராவாரம் பாக்குறேன். நம்பர் வாங்கிட்டு வரேன், பேசுங்க. அந்தப் பொண்ணு நம்ம வீட்ல சாப்பிட்டவ."

முதலில் கார்த்திக்கோடு நிலையத்துக்குப் போனேன். பழைய பதிவேடுகள் அலமாரியிலேயே இருந்தன. ரப்பர் எழுத்தை அழிக்கும், பென்சில் அழுத்திய பள்ளத்தை அழிக்காது. பக்கத்தைச் சாய்த்துப் பிடித்து டார்ச்சை ஓரத்திலிருந்து அடித்தால் பழைய எண் நிழலாகத் தெரியும். ஒவ்வொரு டிக்காக நான் படிக்கப் படிக்கக் கார்த்திக் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டார். எதற்கு அழித்தீர்கள் என்று அவர் கேட்கவே இல்லை. நானே சொன்னேன். டீ வாங்கிட்டு வரட்டுமா அங்கிள் என்றார். லின்னின் வரி வந்தபோது டார்ச்சை இன்னும் தாழ்த்திப் பிடித்தேன். ஆயிரத்து எண்ணூறு, இரண்டாயிரத்து இருநூறு. அழுத்தமாகத்தான் எழுதியிருந்தேன்.

சனிக்கிழமை காலையில் லின்னைக் கூப்பிட்டேன். நாங்கள் பேசியது ஆங்கிலத்தில். நினைவில் நிற்பதைத் தமிழில் எழுதுகிறேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன், ரப்பர், டிக், குழுவிடம் சொன்ன ஒரு வார்த்தை, டாக்டர் எழுதச் சொன்னது, எழுதாமல் விட்டது, இப்போது பதிவேட்டைத் திருத்துவது. மன்னிப்புக் கேட்டேன்.

அவள் கேட்டது வேறு.

"அந்தத் தாள் கையில் எப்படி இருந்தது?"

மெத்தென்று இருந்தது என்றேன். உள்ளே மணல் மாதிரி நெருடியது, அதனால்தான் குழாயில் அலசினேன் என்றேன்.

"அந்த மணிகளில் ஏதாவது பார்த்தீர்களா?"

கண்ணை மூடிக்கொண்டு யோசித்தேன். இத்தனை வருஷமாக அந்தத் தாளை நினைக்காத நாள் இல்லை, இந்தக் கேள்வியை மட்டும் நான் என்னைக் கேட்டதில்லை. பார்த்திருந்தேன். ஒவ்வொரு மணியிலும் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளி.

"இரண்டு இரண்டாகவா?"

"இரண்டு இரண்டாக."

"கண்கள்" என்றாள். "அப்படியென்றால் பொரிக்கிற நேரம். அதையும் எழுதச் சொல்லுங்கள்."

அப்போதுதான் அவள் குரல் உடைந்தது. எனக்குக் கோபம் இருக்கிறது மிஸ்டர் செய்யது, இன்றைக்குப் போய்விடாது, ஆனால் போன் பண்ணினீர்களே என்றாள். பிறகு ஒன்று சொன்னாள். ஒவ்வொரு வருஷமும் வகுப்பில் இந்தக் கணவாயைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லுவாளாம், ரோபோ எடுத்த படத்தையும் போட்டுக் காட்டுவாளாம். எங்கள் வலையிலும் ஒருமுறை வந்தது என்று சொல்லிவிட்டு, நான் ஆழத்தைத் தப்பாகவும் படித்திருக்கலாம் என்று சேர்த்துக்கொள்வாளாம்.

"திங்கட்கிழமை முதல் அந்தக் கடைசி வரி வேண்டாம்" என்றாள்.

மத்தியானம் கார்த்திக்கைக் கூப்பிட்டேன். ஆழத்தைப் பார்த்தவர் பெயரில் லின்னைப் போடச் சொன்னேன். ஆழத்தை மாற்றியவர், செய்யது என்றும் போடச் சொன்னேன். பொரிக்கும் தறுவாயில் முட்டை என்று குறிப்பில் சேர்க்கச் சொன்னேன். எல்லாவற்றையும் தட்டிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"அங்கிள், அந்த பிளாஸ்டிக் கட்டத்துல ஒண்ணுன்னு இருக்கு. அத என்ன பண்ணட்டும்?"

"ஒரு கோடு போட்டுட்டுப் பக்கத்துல பூஜ்யம் போடுங்க தம்பி. கீழ இருக்கறது தெரியணும்."

போட்டுட்டேன் அங்கிள் என்றார்.